தெப்ராவில் ஒரு படுக்கையறை

மொண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1899-ஆம் ஆண்டு ராபர்ட் ஓவன்ஸ் என்ற மின்பொறியியல் பேராசிரியர் ஒரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யுரேனிய உப்பைக் கருவியின் முன் வைத்தால் கதிர்வீச்சின் அளவு ஒரே இடத்தில் நின்றது. தோரிய உப்பை வைத்தால் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. உப்பை மாற்றிப் பார்த்தும், கருவியைச் சரிபார்த்தும் பயனில்லை. கடைசியில் காரணம் அறைக்கதவில் இருந்தது. கதவு மூடியிருந்தபோது அளவு கூடியது. யாராவது திறந்துகொண்டு உள்ளே வந்தால், கூடவே வந்த காற்று அதைக் குறைத்தது.

காற்றடித்தால் நகர்ந்துபோகிற பொருள் வாயுவாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேயே பணியாற்றிய எர்னஸ்ட் ரதர்ஃபோர்டு அடுத்த ஆண்டு அதை உறுதிசெய்தார். தோரியத்திலிருந்து ஒரு வாயு கசிகிறது, அதன் வீரியம் ஏறக்குறைய நிமிடத்துக்கு நிமிடம் பாதியாகக் குறைகிறது என்றார். அதே 1900-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிரீட்ரிக் டோர்ன், ரேடியமும் இப்படி ஒரு வாயுவை விடுகிறது என்று கண்டார். தோரியம் தருவது தோரான், ரேடியம் தருவது ரேடான். இரண்டும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள். அணு எண் 86. நிறம், மணம், சுவை ஏதும் கிடையாது.

ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில், ஒரு புதுத் தாமான் குடியிருப்பில், கட்டி முடித்தும் விற்காமல் எஞ்சியிருந்த மாடி இணைவீட்டின் நடுக்கூடத்தில் நின்றபோது எனக்கு அந்த மெக்கில் கதவு நினைவுக்கு வந்தது. வீடு பார்க்க வந்தவன் என் அக்காள் மகன். தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். கூட வேலை பார்த்த ஒருவர் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே வீடு வாங்கும்போது ரேடான் அளவைக் கேட்டாராம்.

"மாமா, இங்கேயும் ரேடான் இருக்குமா?" என்று கேட்டான். வீட்டைக் காட்ட வந்த பெண்ணுக்கு அந்தச் சொல்லே புதிது. வாசல் கிழக்கு பார்த்தது, பள்ளிக்கூடம் பக்கம், தெப்ராவ் நெடுஞ்சாலைக்கு ஐந்து நிமிடம் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

இருக்கும் என்றேன். எல்லா மண்ணிலும் இருக்கிறது. அவன் கேட்க வேண்டிய கேள்வி, அது வீட்டுக்குள் வந்து எவ்வளவு நேரம் தங்கும் என்பது.

முதலில் பாறையைப் பார்ப்போம். ஜொகூர் பாருவைச் சுற்றிய நிலத்தின் அடியில் பல இடங்களில் கருங்கல் கிடக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கல். கடலிடுக்குக்கு அப்பால் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் தலைகாட்டுவதும் அதன் உறவுதான். உலு திராமில் உடைத்து ஜல்லியாக்குவதும் கருங்கல்லைத்தான். இன்னும் சில இடங்களில் கல்லை மூடியபடி பழைய வண்டல் படிந்திருக்கிறது. சாதாரணக் கருங்கல் ஒரு டன்னில் 3 முதல் 5 கிராம் வரை யுரேனியம் இருக்கும். தோரியம் அதைவிடச் சில மடங்கு அதிகம். யுரேனியம் 238 பல படிகளில் சிதைந்து ரேடியம் 226 ஆகிறது. ரேடியம் சிதைந்து ரேடான் 222 ஆகிறது. அதுவரை எல்லாம் திடப்பொருள், கல்லுக்குள்ளேயே கிடந்தவை. இந்த ஒரு படியில் மட்டும் பிறக்கும் குழந்தை வாயுவாகப் பிறக்கிறது. கல்லைவிட்டு வெளியேற அதற்கு வழி கிடைத்துவிடுகிறது.

ஜொகூர் மண்ணை அளந்தவர்கள் உண்டு. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அகமட் தெர்மிசி ரம்லியும் அவருடைய குழுவினரும் பொந்தியானில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக நிலத்தின் காமா கதிர்வீச்சை அளந்து, மண்வகையோடும் அடிப்பாறையோடும் பொருத்திப் பார்த்தார்கள். சிகாமாட் மாவட்டத்தில், குறிப்பாகப் பாலோங் பகுதியில், இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சு உயர்ந்திருப்பது அவர்களுடைய ஆய்வுக்கட்டுரைகளின் தலைப்பிலேயே இடம்பெற்றது. நாடு முழுவதற்குமான கணக்கிலும் மலேசிய நிலம் கொஞ்சம் சூடானதுதான். ஐக்கிய நாடுகளின் கதிர்வீச்சு அறிவியல் குழு 2000-ஆம் ஆண்டு தொகுத்த பட்டியலில், திறந்தவெளியில் நிலத்திலிருந்து வரும் காமா அளவு மலேசியாவுக்கு மணிக்கு 92 நானோகிரே. உலகச் சராசரி 59.

இதைப் படித்ததும் தெப்ராவ் வீடே வேண்டாம் என்று ஓடிவிடக்கூடாது. காமா அளவு வேறு, வீட்டுக்குள் சேரும் ரேடான் வேறு. காமாவில் தோரியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் பங்கு உண்டு. அதே பட்டியலில் வீட்டு ரேடான் பகுதியைப் பார்த்தால் மலேசியாவின் சராசரி ஒரு கனமீட்டருக்கு 14 பெக்கரல்தான். ஒரு விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உலகச் சராசரி சுமார் 40. பின்லாந்தில் 120. கருங்கல் நாடான நமக்கு ஏன் இவ்வளவு குறைவு?

விடை நம் பழைய வீடுகளில் இருக்கிறது. குளிர்நாட்டு வீடு நிலவறையோடு மண்ணுக்குள் இறங்கி நிற்கும். உள்ளே சூடேற்றிய காற்று மேலே எழுந்து கூரை வழியே வெளியேற, அந்த வெற்றிடத்தை நிரப்ப அடித்தரை விரிசல்களின் வழியே மண்காற்று உறிஞ்சப்படும். வீடே ஒரு புகைபோக்கிபோல் நிலத்திலிருந்து ரேடானை இழுக்கும். இங்கே கம்பத்து மலாய் வீடு தூண்கள்மேல் நிற்கிறது. மண்ணிலிருந்து எழும் வாயு தரைக்கடியிலேயே காற்றில் கலந்து போய்விடும். என் அக்காவின் கணவர் பிறந்து வளர்ந்தது மவுண்ட் ஆஸ்டின் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். பலகைச் சுவர், பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே திறந்த வாய். மழை பெய்தால் சாரல், விடிந்தால் பனி, அடுத்த வீட்டுச் சண்டையும் சமையலும் இங்கே கேட்கும், மணக்கும். அந்த வறுமையை நான் புகழமாட்டேன். அந்த வீட்டில் காசநோயும் கொசுவும் இருந்தன. ரேடான் தங்கியிருக்க வழியில்லை.

பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான்கள் வந்த நிலம் இது. அப்பா லயத்தில் திறந்த காற்றில் படுத்தார். மகன் வாங்கப்போகும் வீட்டில் படுக்கையறைக் கண்ணாடி இறுக மூடும்படி செய்யப்பட்டது. மேலே ஏர்கோன். சுவரில் மாட்டும் சாதாரண ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, அதே அறைக்குத் திருப்பித் தருகிறது. இரவு பத்து மணிக்கு மூடினால் விடியும்வரை ஒரே காற்றுதான்.

இதை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக, சுவரும் தரையும் சேர்ந்து மணிக்கு ஒவ்வொரு கனமீட்டர் காற்றுக்கும் 10 பெக்கரல் ரேடானை விடுகின்றன என்று கொள்வோம். அறைக்காற்று மணிக்கு ஐந்துமுறை மாறினால், அதாவது சன்னல்கள் திறந்து காற்று ஓடினால், உள்ளே கூடுதலாக நிற்பது 2 பெக்கரல். மணிக்கு ஒருமுறை மாறினால் 10. பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டுமே மாறும் அளவுக்கு இறுக மூடிய அறையில் அது 93 வரை ஏறும். அதே கல், அதே சிமெண்டு, அதே தாமான். நாற்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. ரேடானின் அரை ஆயுட்காலம் 3.8 நாள் என்பதால் ஓர் இரவில் அது தானாகச் சிதைந்து குறையும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஓர் அறை அந்த உச்சத்தைத் தொட ஓர் இரவு போதாது. ஆனால் பகலிலும் மூடியே கிடந்து, மாலையில் திரும்பி வந்து மறுபடி ஏர்கோன் போடும் வீட்டில் அதை நெருங்கப் போதிய நேரம் கிடைக்கிறது.

அதனால் அந்த 14 என்ற எண்ணை நான் அப்படியே இன்றைய தெப்ராவுக்குப் பொருத்தத் தயங்குகிறேன். அது 2000-க்கு முந்தைய மலேசிய வீட்டின் எண். சன்னல் திறந்து தூங்கிய வீட்டின் எண் என்று நான் அதை வாசிக்கிறேன். ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கும் கருங்கல், அங்கும் புழுக்கம். மண்ணோடு தொடர்பில்லாத அடுக்குமாடிகளிலும் கான்கிரீட்டில் கலந்த உள்ளூர்க் கருங்கல்லே ரேடானின் மூலம். அதே ஐ.நா. பட்டியலில் ஹாங்காங்குக்கு 41. அந்த அரசு 2003-இல் தொடங்கிய உட்புறக் காற்றுத்தரச் சான்றிதழ்த் திட்டத்தில் ரேடானையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. ஸ்வீடனில் 1929 முதல் 1975 வரை, யுரேனியம் கலந்த களிப்பாறையில் நீலக் கான்கிரீட் செய்து வீடு கட்டினார்கள். எரிபொருள் நெருக்கடியில் அந்த வீடுகளின் இடுக்குகளை எல்லாம் அடைத்து வெப்பத்தைச் சேமித்தபோது ரேடான் பெரிய சிக்கலானது. அவர்கள் குளிருக்கு அடைத்தார்கள், நாம் வெயிலுக்கு அடைக்கிறோம்.

அடைப்பதற்கு நம்மிடம் நியாயமான காரணங்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிங்கிக் கொசு இருக்கிறது. திருட்டுப் பயம் இருக்கிறது. சுமத்ராவில் காடு எரிந்தால் 2015-இலும் 2019-இலும் வந்ததுபோலப் புகைமூட்டம் வருகிறது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள், மாவட்டத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. அதைப் பார்த்த தாயிடம் போய்ச் சன்னலைத் திற என்று பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, இந்த வாயு உடம்பை என்ன செய்கிறது? ரேடான் மந்த வாயு. மூச்சில் உள்ளே போனது பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆபத்து அதன் பிள்ளைகளிடம். ரேடான் சிதைந்தால் பொலோனியம் 218, பிறகு ஈயம், பிஸ்மத், பொலோனியம் 214 என்று ஒரு வரிசை. இவை திண்மங்கள், நிமிடக் கணக்கிலோ அதற்கும் விரைவிலோ சிதைபவை. தூசியில் ஒட்டி, மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிந்து, அங்கிருந்து ஆல்பா துகளை வீசுகின்றன. ஆல்பா துகள் சதைக்குள் போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. வெளித்தோலில் பட்டால் செத்த செல்களின் மேலடுக்கே தடுத்துவிடும். மூச்சுக்குழாயில் அப்படி ஒரு போர்வை கிடையாது. உயிருள்ள செல் நேராக அடி வாங்குகிறது.

ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் நோயில் சாவதை ஐந்நூறு ஆண்டுகளாக மக்கள் பார்த்திருக்கிறார்கள். 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் அது நுரையீரலில் வளரும் கட்டி என்று கண்டார்கள். 1988-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. சுரங்கம் வேறு, வீடு வேறு என்ற தடையைத் தாண்டியது ஐரோப்பாவின் 13 ஆய்வுகளைச் சேர்த்து ஆக்ஸ்ஃபோர்டின் சாரா டார்பியும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட கணக்கு. 7,148 நுரையீரல் புற்றுநோயாளிகளையும் நோயற்ற 14,208 பேரையும், அவர்கள் வாழ்ந்த வீடுகளின் ரேடான் அளவோடு ஒப்பிட்டார்கள். நீண்டகால அளவு ஒவ்வொரு 100 பெக்கரல் உயரும்போதும் நோய்வாய்ப்பு சுமார் 16 விழுக்காடு கூடியது.

விழுக்காடு என்று சொன்னால் பயம்தான் கூடும், ஆள்கணக்கில் சொல்கிறேன். புகைக்காத ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடானே இல்லாத வீட்டில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயில் இறப்பவர் 4 பேர். 100 பெக்கரல் வீட்டில் 5 பேர். 400 பெக்கரல் வீட்டில் 7 பேர். தொடர்ந்து சிகரெட் பிடிக்கும் ஆயிரம் பேரில் அதே எண்கள் 100, 120, 160. இந்த இரண்டாவது வரிசையை என் அக்காள் மகனிடம் இரண்டுமுறை சொன்னேன். அவன் புகைப்பவன். அந்த வீட்டில் அவன் செய்யக்கூடிய மிகப் பெரிய ரேடான் தடுப்பு வேலை சட்டைப்பையில் இருக்கும் பெட்டியை விடுவது. ரேடானும் புகையும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்பவை. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் சொன்ன எல்லை 100 பெக்கரல். அதை எட்டமுடியாத நாடுகளும் 300-ஐத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் 148-ஐத் தொட்டால் வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

வரைபடத்தைப் பார்த்து வீட்டைத் தீர்மானிக்க முடியுமா? 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில் ஒரு பொறியாளர், கட்டி முடிக்கப்படாத லிமெரிக் அணுமின் நிலையத்துக்கு வேலைக்குப் போகும்போது கதிர்வீச்சு எச்சரிக்கை மணி அடித்தது. உள்ளே எரிபொருளே எரியத் தொடங்கவில்லை. கதிர்த்தூசி அவர் வீட்டிலிருந்து அவர் உடையில் வந்திருந்தது. அவர் வீட்டில் அளந்தபோது கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கரல். பக்கத்து வீட்டில் அத்தகைய அளவு எதுவும் இல்லை. ஒரே பாறை, ஒரே தெரு. ஒரு வீட்டின் அடியில் பாறைப்பிளவு சரியாக வந்து வாய் திறந்திருந்தது. ஆகவே தெப்ராவின் மண்வரைபடம் அக்கம்பக்கத்தைப் பற்றிச் சொல்லும், உங்கள் படுக்கையறையைப் பற்றிச் சொல்லாது. அளந்தே அறிய வேண்டும்.

ஜொகூரின் மழையும் இதில் ஒரு வேலை செய்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழையில் செம்மண் களி ஊறிக் கிடக்கும்போது அதன் துளைகளில் நீர் நிரம்பி, ரேடான் மேலே வரும் பாதை அடைபடுகிறது. நல்லதுதான். ஆனால் வீட்டின் அடித்தரைக்குக் கீழே கொட்டிய ஜல்லியும் மண்ணும் நனைவதில்லை. சுற்றிலும் ஈரம், நடுவில் உலர்ந்த ஒரே இடம் உங்கள் தரைக்கடி. வாயு அந்த உலர்ந்த பக்கம் நகரலாம். அதனால் தரைவீட்டில் நான் முதலில் குனிந்து பார்ப்பது தரையை. சமையலறைத் தொட்டிக் குழாய், கழிவறைக் குழாய், மின்கம்பிக் குழாய் எல்லாம் கான்கிரீட்டைத் துளைத்து வரும் இடத்தில் பூசாமல் விட்ட இடைவெளி, சுவரும் தரையும் சேரும் மூலையில் ஓடும் விரிசல், மாடிப்படிக்கடியில் ஓடு பதிக்காத மூலை. கரையான் வருவதும் இந்த வழிகளில்தான். கொண்டோவில் மூன்றாம் மாடிக்கு மேல் வாங்குகிறவர் மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்குச் சுவரும் காற்றோட்டமும் மட்டுமே கணக்கு. தோரானுக்கு ஆயுள் நிமிடக் கணக்கு என்பதால் சுவரிலிருந்து சில அங்குலம் வருவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நல்ல பூச்சும் சாயமும் அதை இன்னும் அடக்கும்.

அளப்பது கடினமில்லை. கைவிரல் அளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சிறு துண்டுத் தகடு. ஆல்பா துகள் பட்ட தடங்களை மூன்று மாதம் சேர்த்துவைத்து ஆய்வகத்தில் எண்ணுவார்கள். மின்னணுக் கருவிகளும் வந்துவிட்டன. வீட்டு விலையோடு ஒப்பிட்டால் அற்பத் தொகை. கையடக்க கைகர் கருவியை வாங்கி ஏமாறாதீர்கள், அது காற்றிலுள்ள ரேடானை அளக்கச் செய்யப்பட்டதல்ல. கருவியைக் கீழ்மாடிப் படுக்கையறையில், தலையணை உயரத்தில், சன்னலையும் ஏர்கோன் காற்றையும் விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். குளியலறையில் வேண்டாம். பகலில் திறந்து காட்டிய வீட்டின் எண்ணை நம்ப வேண்டாம். நீங்கள் தூங்குவதுபோலவே மூடி, ஏர்கோன் போட்டு அளக்க வேண்டும். கைமாறும் பழைய வீடென்றால் சாவி கைக்கு வருமுன் ஒரு வாரம் கருவி வைக்க விற்பவரிடம் கேட்கலாம். ஒரு வாரத்து எண் முடிவல்ல, ஆனால் 300-ஐத் தாண்டினால் பேச ஒரு காரணம் கையில் இருக்கும். கரியமில வாயு அளக்கும் சிறு கருவி ஒன்றும் உதவும். வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கும் அது, விடியற்காலை உங்கள் அறையில் 2,000-ஐத் தாண்டினால் அறைக்காற்று போதிய அளவு மாறவில்லை என்று பொருள். ரேடான் இருக்கிறதோ இல்லையோ, அந்த அறையைச் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்வதும் இங்கே பெரும்பாலும் எளிது. படுக்குமுன் அரைமணி நேரம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்பது, கொசுவலை அடித்து மேல் காற்றுப்பலகையைத் திறந்தே விடுவது, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் சிறு விசிறி பொருத்துவது. புகைமூட்ட மாதங்களில் இந்த வடிகட்டி விசிறிதான் கைகொடுக்கும். உறிஞ்சி வெளியேற்றும் விசிறியை மட்டும் போட்டு மற்றதையெல்லாம் மூடிவைத்தால் அது தரைக்கடி வாயுவையே மேலே இழுக்கக்கூடும். காற்று வர ஒரு வழியும் வேண்டும். அளவு மிக உயர்ந்த வீட்டுக்கு, தரையைத் துளைத்து அடியில் குழாய் விட்டு, விசிறியால் மண்காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடும் முறை உலகெங்கும் பயனில் உள்ளது.

மலேசியாவில் வீட்டு விற்பனை ஒப்பந்தத்தில் ரேடான் என்ற சொல் வராது. ஆனால் உரிமம் பெற்ற மேம்பாட்டு நிறுவனத்திடம் புதுவீடு வாங்குகிறவருக்குச் சட்டம் ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறது. சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் கண்டெடுத்துத் தெரிவிக்கும் கட்டுமானக் குறைகளை அவர்கள் தம் செலவில் சரிசெய்தாக வேண்டும். பலரும் அந்தக் குறைப் படிவத்தில் எழுதுவது கீறல் விழுந்த ஓடும் சரியாக மூடாத கதவும்தான்.

என் அக்காள் மகன் அந்த வீட்டைத்தான் வாங்கினான். சாவி வாங்கிய சனிக்கிழமை நானும் போனேன். கைப்பேசி விளக்கைப் பிடித்தபடி சமையலறைத் தொட்டிக்கடியில் படுத்துக்கொண்டு, குழாயைச் சுற்றி இருந்த இடைவெளிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். உள்ளே போனது. எழுந்து, படிவத்தின் முதல் வரியில் அதை எழுதினான். பிறகு மாடிப்படிக்கடியில் போய்க் குனிந்தான்.